போட்டி இருந்தால்தான் நிலாவுக்குப் பணம் வருமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஈரோட்டில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பதாகவும், ஹாஸ்டலில் இதை வைத்து ராத்திரி ஒரு மணி வரை சண்டை நடந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேட்டது மூன்று. 1969இலேயே நிலாவில் இறங்கிய அமெரிக்கா, மறுபடி ஆள் அனுப்ப ஏன் இவ்வளவு திணறுகிறது? சீனா முந்திவிடும் என்ற பயம் வந்தால்தான் அங்கே பணம் புரளுமா? இதில் நாம் எதற்குக் காசைக் கொட்ட வேண்டும்? மூன்றையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே கொட்டைதான். நீங்கள் ராக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை, கணக்கைப் பற்றிக் கேட்கிறீர்கள். போட்டி பணத்தைக் கொண்டுவருமா, வந்த பணம் நிற்குமா என்பதுதான் கேள்வி.

அதனால்தான் பதில் சொல்லத் துணிந்தேன். நான் விஞ்ஞானி அல்ல. கோயம்புத்தூரில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் 27 வருஷம் எஸ்டிமேட் போட்டவன். பம்புப் பாகம், மில் மெஷின் பாகம் என்று ஆரம்பித்து, கடைசிப் பதினொரு வருஷம் ராக்கெட்டுக்கும் செயற்கைக்கோளுக்கும் போகும் சின்னச் சின்னப் பாகங்களுக்கு விலை போட்டேன். நாங்கள் செய்த பாகம் ராக்கெட்டில் எங்கே உட்காருகிறது என்பதைப் பாதி நேரம் எங்களுக்கே சொல்ல மாட்டார்கள். ஆகவே என்ஜின் எப்படி எரிகிறது என்று என்னிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. ஒரு வேலைக்கு ஏன் இவ்வளவு ஆகிறது, ஏன் தள்ளிக்கொண்டே போகிறது என்று கேட்டால் சொல்வேன். அமெரிக்க அரசியலைப் படித்துத் தெரிந்துகொண்டவன்தான், பக்கத்தில் இருந்து பார்த்தவன் அல்ல. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் போட்டி. நம்ம பக்கம் தண்ணீருக்குப் போர்வெல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் அப்பாரு தோட்டத்துக்கு மேற்கே பங்காளி தோட்டம். ஒரு கோடையில் அவர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூட்டிவந்து 700 அடி இறக்கினார். அடுத்த மாசமே எங்கள் அப்பாரு 850 அடி. தண்ணீர் தேவை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மாசம் வண்டி எங்கள் காட்டில் வந்து நின்றதற்குக் காரணம் தண்ணீர் அல்ல, வேலிக்கு அந்தப் பக்கம் ராத்திரி முழுக்கக் கேட்ட கம்ப்ரசர் சத்தம். அப்பத்தாவின் நகை ஒரே நாளில் அடகுக்குப் போய்ப் பணம் புரண்டது. அதற்கப்புறம் மோட்டார், பைப், ஒயர், வருஷா வருஷம் ரிப்பேர் என்று கேட்ட செலவுக்கு யாரும் அசையவில்லை. பங்காளி போரும் வற்றிவிட்டதால் அவசரமும் போய்விட்டது. எங்கள் போர்க்குழி மூன்று வருஷம் வாயில் கல்லை வைத்து மூடியபடி கிடந்தது. அமெரிக்கா நிலாவுக்கு ஆள் அனுப்பிய அப்பல்லோ திட்டத்தின் கதையை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

இதில் சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றைச் சொல்கிறேன். 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்தார். அடுத்த வாரமே கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் நடந்த படையெடுப்பு கென்னடிக்குத் தலைக்குனிவாக முடிந்தது. ஏப்ரல் 20 அன்று அவர் துணை ஜனாதிபதி ஜான்சனுக்கு ஒரு சின்னக் குறிப்பு அனுப்பினார். விண்வெளியில் ஆய்வுக்கூடம் வைப்பதா, நிலாவைச் சுற்றி வருவதா, நிலாவில் ஆளை இறக்குவதா, எதில் ரஷ்யர்களை ஜெயிக்க முடியும் என்பதுதான் அதன் சாரம். மே 25 அன்று நிலாதான் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அன்றைக்கு அமெரிக்காவின் கையிருப்பு என்ன தெரியுமா? இருபது நாள் முன்னால் ஆலன் ஷெப்பர்ட் மேலே போய்வந்த பதினைந்து நிமிஷம். அவ்வளவுதான்.

1962 நவம்பரில் வெள்ளை மாளிகையில் கென்னடியும் நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்பும் பேசியது ஒலிநாடாவில் பதிவாகி இருக்கிறது. நிலா மட்டுமல்ல, மற்ற ஆராய்ச்சியும் முக்கியம் என்று வெப் வாதாடுகிறார். கென்னடி விடவில்லை. ரஷ்யர்களை முந்துவதற்காக இல்லையென்றால் இவ்வளவு பணம் செலவழிக்கவே கூடாது, எனக்கு விண்வெளியில் அப்படியொன்றும் ஆர்வம் இல்லை என்று பச்சையாகச் சொல்கிறார். இதே மனிதர் 1963 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில், நாம் இருவரும் சேர்ந்தே நிலாவுக்குப் போகலாமே என்று ரஷ்யாவைக் கூப்பிட்டார். செலவுக் கணக்கு அவரை உறுத்த ஆரம்பித்துவிட்டது என்பது என் ஊகம், அதை ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாசத்தில் அவர் கொல்லப்பட்டார், அந்தப் பேச்சும் அதோடு போயிற்று.

பணம் வந்தது, கொட்டோ கொட்டென்று வந்தது. 1966இல் அமெரிக்க மத்திய அரசு செலவழித்த ஒவ்வொரு நூறு டாலரிலும் சுமார் 4.40 டாலர் நாசாவுக்குப் போனது. இன்று அது நாற்பது சென்ட் அளவில்தான். ஆனால் கவனியுங்கள், உச்சம் 1966. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது 1969. அப்பல்லோவைச் சுமந்த சாட்டர்ன் 5 ராக்கெட்டைப் பதினைந்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்ற முடிவு 1968 ஆகஸ்டிலேயே எடுத்தாகிவிட்டது, இறங்குவதற்குப் பதினொரு மாசம் முன்னால். கல்யாணத்துக்கு முன்பே பந்தலைப் பிரிக்க ஆள் சொல்லிவிட்ட மாதிரி. 18, 19, 20 என்று திட்டமிட்டிருந்த பயணங்கள் 1970இல் ரத்தாகின. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 திரும்பியதோடு சரி. மொத்தம் 12 பேர் நடந்தார்கள். 1973இல் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த கணக்குப்படி செலவு சுமார் 2,540 கோடி டாலர், இன்றைய மதிப்பில் 25,000 கோடி டாலருக்கு மேல். மிஞ்சிய ராக்கெட்டுகள் ஹூஸ்டனிலும் புளோரிடாவிலும் காட்சிப் பொருளாகப் படுத்திருக்கின்றன.

எதிரணியும் லேசுப்பட்ட குழப்பத்தில் இல்லை. ஆளை நிலாவில் இறக்குவது என்று ரஷ்யா முடிவெடுத்ததே 1964 ஆகஸ்டில்தான். தலைமை வடிவமைப்பாளர் கொரோலெவ் 1966 ஜனவரியில் இறந்துபோனார். அவர்களுடைய என்1 ராக்கெட் நான்கு முறை கிளம்பி நான்கு முறையும் தோற்றது. எதிரி கீழே விழுந்தபின் ஓடுகிறவனுக்கு எதற்கு மூச்சு வாங்க வேண்டும்?

அதன்பின் இரண்டு தடவை நிலாவுக்குத் திரும்பப் போவதாக அறிவித்தார்கள். 1989 ஜூலை 20 அன்று மூத்த புஷ் அறிவித்தார். மதிப்பீடு 50,000 கோடி டாலர் அளவில் வந்து நின்றதும் நாடாளுமன்றம் கண்டுகொள்ளவே இல்லை. 2004இல் இளைய புஷ் அறிவித்த திட்டத்துக்குக் கான்ஸ்டலேஷன் என்று பெயர். 2009இல் அதை ஆராய்ந்த அகஸ்டின் குழு, வருஷத்துக்கு இன்னும் 300 கோடி டாலர் கூடுதலாகக் கொடுக்காவிட்டால் நடக்காது என்று சொன்னது. 2010இல் ஒபாமா கைவிட்டார். இரண்டு தடவையும் வேலிக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் சத்தம் இல்லை. ஆகவே போட்டி இல்லாமல் பெரும் பணம் வராது என்று உங்கள் ஹாஸ்டல் நண்பர் சொன்னது பெருமளவு சரி. ஆனால் போட்டி வந்துவிட்டால் பணம் நிற்கும் என்று அவர் அடுத்துச் சொன்னாரே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பட்டறைக்குள் வர வேண்டும்.

ஒரு பாகத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். உள்ளங்கை அளவு அலுமினிய பிராக்கெட், 380 கிராம். அதைச் செய்ய நாலரைக் கிலோ கட்டை வாங்க வேண்டும். மீதியெல்லாம் சுருள் சுருளாகச் சீவி ஸ்கிராப் மூட்டைக்குப் போகும். கட்டையோடு எந்த உருக்காலையில் எந்தத் தேதியில் உருக்கியது என்ற சான்றிதழ் வர வேண்டும். பிடித்து நிறுத்த பிக்சர் செய்ய வேண்டும், புரோகிராம் எழுத வேண்டும், முதல் பீஸை ஏசி அறையில் வைத்து மைக்ரான் கணக்கில் அளக்க வேண்டும். ஒரு தடவை பன்னிரண்டு பீஸ் ஆர்டர் வந்தது. பிக்சருக்கு மட்டும் 70,000 ரூபாய் ஆனது. பீஸுக்குக் கிட்டத்தட்ட 5,800 ரூபாய் அதிலேயே ஏறிவிட்டது. ஆயிரம் பீஸ் என்றால் அது 70 ரூபாய்தான். பன்னிரண்டில் ஒன்றை, துடைத்த துணியில் இருந்த ஒரு சுருள் கீறிவிட்டதால் ரிஜெக்ட் செய்தார்கள். நகக்கண்ணால் தடவினால்கூடத் தெரியாத கீறல். அதற்கு நான் இன்றைக்கும் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பில் ஏழு மாசம் கழித்து வந்ததற்கு வேண்டுமானால் குறை சொல்வேன்.

அடுத்த ஆர்டர் பதினாலு மாசம் கழித்து வந்தது. இடையில் அந்த மெஷினுக்குத் தவணை கட்டினோம், அந்த வேலை தெரிந்த பையனைப் பக்கத்துப் பட்டறைக்காரர் கொத்திக்கொண்டு போகாமல் இருக்கச் சம்பளம் கொடுத்தோம். இரண்டாவது ஆர்டருக்கு நான் விலை போட்டபோது, பொருள் விலை காலணா, சும்மா நின்ற காலத்தின் விலை முக்காலணா என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. விண்வெளி வேலை முழுக்க இப்படித்தான், அமெரிக்காவிலும் இப்படித்தான். பொருளுக்குப் பணம் குறைவு, ஆட்களையும் இடத்தையும் தயாராக வைத்திருக்கத்தான் பணம். நாசாவில் அதன் அளவு மட்டும் மலை.

இப்போது எஸ்.எல்.எஸ். என்கிற ஸ்பேஸ் லாஞ்ச் சிஸ்டம் ராக்கெட்டைப் பாருங்கள், அமெரிக்கா மறுபடி நிலாவுக்கு ஆள் அனுப்பக் கட்டிய பெரிய ராக்கெட். கான்ஸ்டலேஷன் செத்த அதே 2010இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு இதைக் கட்டச் சொன்னது. ஷட்டில் விண்கலத்துக்கு வேலை செய்த ஒப்பந்தங்களையும் ஆட்களையும் முடிந்தவரை அப்படியே பயன்படுத்த வேண்டும் என்றும் சட்டத்திலேயே எழுதியது. ராக்கெட்டின் உடம்பு லூசியானாவில், திட்ட நிர்வாகம் அலபாமாவில், பூஸ்டர் யூட்டாவில், என்ஜின் சோதனை மிசிசிப்பியில். அந்தந்த ஊர் செனட்டர்களைக் கேட்டுப் பாருங்கள், சீனா என்பார்கள். அவர்கள் தொகுதியில் போய்ப் பாருங்கள், சம்பளம் என்பார்கள். இதைச் சிலர் கேலியாக செனட் லாஞ்ச் சிஸ்டம் என்று கூப்பிட்டார்கள். நான் கேலி செய்ய மாட்டேன். 1961இன் போட்டியால் வந்த பணம் ஐந்தே வருஷத்தில் இறங்கத் தொடங்கியது. 2010இல் ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்த வேலை பதினைந்து வருஷம் தாண்டி நிற்கிறது, ஜனாதிபதிகள் மாறிய பின்னும். எது உறுதியான அஸ்திவாரம்?

ஆனால் அந்த அஸ்திவாரத்துக்கு விலை உண்டு. 2016 முடிவுக்குள் பறக்க வேண்டியது 2022 நவம்பர் 16 அன்றுதான் பறந்தது. ராக்கெட், ஆள் உட்காரும் ஓரியன் கலம், தரை ஏற்பாடு எல்லாம் சேர்த்து முதல் நான்கு பயணங்களுக்குத் தலா 410 கோடி டாலர் ஆகும், இது தாங்காது என்று நாசாவின் சொந்தத் தணிக்கைத் தலைவரே 2022இல் சொன்னார். உருவாக்கிய செலவு இதில் சேராது. எனக்கு வயிறு எரிந்தது என்ஜின் விஷயத்தில். ஷட்டிலில் ஒரு தடவைக்கு மேல் பறந்து பத்திரமாகத் திரும்பிவந்த என்ஜின்கள் அவை. அதில் நாலை எடுத்து எஸ்.எல்.எஸ்.ஸில் மாட்டி, எட்டு நிமிஷம் எரித்துக் கடலில் போடுகிறார்கள். புதிதாகச் செய்தால் ஒன்றுக்குச் சுமார் 10 கோடி டாலர். பழைய டை அச்சு ஒன்றை உடைக்க மனசில்லாமல் எண்ணெய் தடவி அலமாரியில் வைக்கிற ஊர்க்காரன் நான். என்னால் அந்தக் காட்சியை முழுசாகப் பார்க்க முடியவில்லை.

இனி சீனப் போட்டி. 2019 மார்ச்சில் துணை ஜனாதிபதி பென்ஸ் அலபாமாவில் நின்றுகொண்டு, இது 1960கள் போலவே ஒரு பந்தயம், ஐந்து வருஷத்துக்குள் போயாக வேண்டும் என்றார். பேச்சில் கென்னடி தெரிந்தார். பையில் தெரியவில்லை. நிலாவில் இறங்கும் கலத்துக்கு 2021ஆம் ஆண்டுக்காக நாசா 330 கோடி டாலருக்கு மேல் கேட்டது, நாடாளுமன்றம் 85 கோடி கொடுத்தது. இரண்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்க நினைத்த நாசா, காசு இல்லாமல் ஸ்பேஸ்எக்ஸ் ஒன்றுக்கு மட்டும் 289 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. ப்ளூ ஆரிஜின் முறையிட்டது, வழக்குப் போட்டது, தோற்றது, கடைசியில் 2023 மே மாதம் தனியாக 340 கோடி ஒப்பந்தம் வாங்கியது. 2024 என்ற கெடு வந்து போய்விட்டது.

2025இல் இந்தக் கயிறு இழுப்பு எல்லோரும் பார்க்கும்படி நடந்தது. வெள்ளை மாளிகை, 2,480 கோடி டாலராக இருந்த நாசா பட்ஜெட்டை 1,880 கோடியாக வெட்டச் சொன்னது. ஆர்ட்டெமிஸ் என்று பெயர் வைத்த இந்தப் புது நிலாத் திட்டத்தின் மூன்றாம் பயணத்தோடு எஸ்.எல்.எஸ்.ஸையும் ஓரியனையும் நிறுத்திவிடலாம் என்றது. அதே வருஷம் ஜூலையில் நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தில் நான்காம், ஐந்தாம் பயணங்களின் எஸ்.எல்.எஸ்.ஸுக்கு 410 கோடி டாலரை உள்ளே வைத்துத் தைத்துவிட்டது. சீனாவை முந்த வேண்டும் என்று இரண்டு தரப்பும் சொல்கின்றன. ஒரு தரப்பு அதே காரணத்தைச் சொல்லி வெட்டுகிறது, இன்னொரு தரப்பு அதே காரணத்தைச் சொல்லிக் கொடுக்கிறது. அதனால்தான் சொல்கிறேன் தம்பி, போட்டி சாங்ஷன் கையெழுத்து வாங்கித் தரும், மாசா மாசம் பில் பாஸ் ஆவது உள்ளூர்க் கணக்கில்.

சீனா பக்கம் என்ன? 1992இல் மூன்று படியாகத் திட்டம் போட்டார்கள்: ஆளைச் சுமக்கும் கலம், சின்ன ஆய்வுக்கூடம், பெரிய நிலையம். 2003இல் யாங் லிவே மேலே போனார். 2022 முடிவில் தியான்கோங் நிலையம் கட்டி முடிந்தது. முப்பது வருஷம், படி மாறவில்லை. நிலாவில் 2019 ஜனவரியில் மறுபக்கத்தில் முதன்முதலாக இறங்கினார்கள், 2020இல் 1,731 கிராம் மண், 2024இல் மறுபக்கத்தில் இருந்தே 1,935 கிராம் மண் கொண்டுவந்தார்கள். 2030க்குள் ஆளை இறக்குவோம் என்கிறார்கள். அதற்கான லான்யுவே இறங்கு கலத்தைத் தரையில் கட்டித் தொங்கவிட்டு 2025 ஆகஸ்டில் இறக்கி ஏற்றிச் சோதித்துவிட்டார்கள். இவை தெரிந்தவை. எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதைச் சீனா முழுசாக வெளியிடுவதில்லை. பத்திரிகைகளில் வரும் டாலர் எண்கள் வெளியார் போடும் மதிப்பீடு. அதை வைத்து ஒப்பிடுகிற அட்டவணையைப் பார்த்தால் நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஆர்டரின் மொத்தத் தொகையைப் பார்க்க மாட்டேன், வருஷா வருஷம் ஒரே சீராக வருகிறதா என்று பார்ப்பேன். அந்தக் கண்ணால் பார்த்தால் சீனாவின் பலம் தொகையில் இல்லை, அறுபடாத வரிசையில் இருக்கிறது. இன்னொரு விஷயம், 2011இல் அமெரிக்கா போட்ட வுல்ஃப் திருத்தம் நாசா பணத்தைச் சீனாவோடு இருதரப்பு வேலைக்குச் செலவழிக்கத் தடை போட்டது. சீனா சொந்த நிலையத்தைக் கட்டியதற்கு அதுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். திட்டம் 1992லேயே இருந்ததால் நான் அதை ஒப்பமாட்டேன். வேகம் கூடியிருக்கலாம், அவ்வளவே.

யார் முந்துவார்கள் என்று கேட்டால், இது ஊகக் கணக்கு என்று சொல்லிவிட்டே சொல்கிறேன்: கெடுவைக் காப்பாற்றுவதில் சீனாவின் பழைய வரலாறு மேல், ஒரே தடவையில் அதிக எடையை இறக்கும் திறமையில் அமெரிக்கத் திட்டம் மேல், அது நடந்தால். ஸ்பேஸ்எக்ஸ் கலம் நிலாவுக்குக் கிளம்பும் முன் பூமியைச் சுற்றியபடியே பல தடவை எரிபொருள் நிரப்பிக்கொள்ள வேண்டும். நிலாவின் தென்துருவத்துப் பள்ளங்களில் உறைந்த நீர் உண்டு என்பதில் சந்தேகம் இல்லை, 2009இல் ஒரு ராக்கெட் துண்டை மோதவிட்டே பார்த்தார்கள். அதைத் தோண்டி லாபமாக எரிபொருளாக்க முடியுமா என்பது இன்னும் யாரும் உறுதியாக எஸ்டிமேட் போட முடியாத வேலை. நிலா மண்ணில் இருக்கும் ஹீலியம் 3 என்ற அணு உலை எரிபொருளை வெட்டிக் கொண்டுவந்து கோடி கோடியாகச் சம்பாதிக்கலாம் என்று காணொளியில் சொல்கிறவரிடம், அதை எரிக்கிற உலை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம் நம்ம கதை. சந்திரயான் 3க்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். மேலே சொன்ன 410 கோடி டாலரை 85 ரூபாயால் பெருக்கினால் 34,850 கோடி ரூபாய். நம் விண்வெளித் துறையின் 2025-26 பட்ஜெட் 13,400 கோடி சுமார். அதாவது அவர்களுடைய ஒரு பயணம் நமக்கு இரண்டரை வருஷத்து மொத்த பட்ஜெட். இதை வைத்து நாம் கெட்டிக்காரர்கள், அவர்கள் ஊதாரிகள் என்று பேசுவதை நான் ரசிப்பதில்லை. நம் கூலி குறைவு, அதில் என் சம்பளமும் சேர்த்தி. நம் ராக்கெட் சின்னது. அதனால்தான் சந்திரயான் 3 பூமியைச் சுற்றிச் சுற்றி நாற்பது நாளில் போனது, அப்பல்லோ நாலு நாளில் போனது. ஆள் உள்ளே உட்கார்ந்திருந்தால் நாற்பது நாள் சுற்ற முடியாது. மனிதரை ஏற்றுவது என்று வந்ததும் நம் கணக்கும் எகிறுகிறது. ககன்யான் 2018இல் பத்தாயிரம் கோடிக்குள் என்று ஆரம்பித்து, 2024இல் விண்வெளி நிலையத்தின் முதல் பாகத்தையும் சேர்த்து 20,193 கோடிக்குத் திருத்தப்பட்டது. அதுவும் பூமிக்குப் பக்கத்தில் சுற்றுவதற்கு மட்டும். 2040க்குள் இந்தியர் ஒருவர் நிலாவில் என்பது அரசு சொல்லியிருக்கும் இலக்கு. இலக்கு வேறு, அதற்கு ஒதுக்கிய பணம் வேறு.

நாம் எதற்குக் காசு போட வேண்டும் என்ற கேள்விக்கு நான் பெருமையைக் காரணம் சொல்ல மாட்டேன். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக்கு ஒரு தடவை போய்வாருங்கள், உங்கள் ஊரில் இருந்து பஸ்ஸில் போய்ப் பொழுதோடு திரும்பிவிடலாம். காட்டோரம் வெள்ளை வெள்ளையாகப் பாறை நீட்டிக்கொண்டிருக்கும், அனார்த்தோசைட் என்று பெயர். நிலாவின் வெளிர் பகுதிகளும் அந்த வகைப் பாறைதான். அங்கேயும் குன்னமலையிலும் எடுத்த பாறையை உடைத்து, அரைத்து, சலித்துத்தான் நிலா மண் மாதிரி ஒன்றை இஸ்ரோ செய்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் அதில் கூட இருந்தார்கள். வெளிநாட்டில் இருந்து டன் கணக்கில் வாங்கினால் கட்டுபடியாகாது என்பதால் பிறந்த வேலை அது. சக்கரம் புதைகிறதா, கால் ஊன்றுகிறதா என்று அந்தப் பொடியில்தான் பார்த்தார்கள். நான் போனபோது அந்தக் கல்லில் ஒருவர் ஆட்டைக் கட்டியிருந்தார். இது என்ன கல் தெரியுங்களா என்று கேட்டேன். "ஏனுங்க, நெலாக் கல்லுன்னு சொல்லிட்டு வருசத்துக்கு நாலு பேரு வர்றீங்க, ஒருத்தரும் இந்தக் கேட்டைச் சாத்திட்டுப் போறதில்லை" என்றார்.

சந்திரயான் 1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர், கோயம்புத்தூரில் படித்தவர். அவரைச் சொல்லி நம்ம ஊர்ப் பெருமை பேசுவது சுலபம். எனக்கு அதைவிட அந்த அரைத்த பொடியும், எங்கள் பட்டறையில் மைக்ரான் பிடிக்கக் கற்றுக்கொண்ட பையன்களும்தான் காரணம். அவர்களில் இரண்டு பேர் இப்போது ஆஸ்பத்திரிக் கருவிகளுக்குப் பாகம் செய்து சொந்தமாக நிற்கிறார்கள். நிலாவுக்காகப் போட்ட பணத்தில் அந்தக் கைத்திறன் வந்தது. ஆனால் அதே பணத்தை நேரடியாக ஆஸ்பத்திரிக் கருவிக்கே போட்டிருந்தால் இன்னும் நாலு பேர் வந்திருப்பார்களா என்று கேட்டால், மறுக்க என் கையில் கணக்கு இல்லை. அந்தக் கேள்வியை உங்கள் ஹாஸ்டலில் யாராவது எழுப்பியிருந்தால், அவரை வாயடைக்காதீர்கள்.

கடைசியாக, இந்தச் சண்டையை நீங்களே தீர்த்துக்கொள்ள ஒரு வேலை சொல்கிறேன். மத்திய பட்ஜெட் ஆவணங்களில் விண்வெளித் துறையின் பக்கத்தை எடுங்கள். பட்ஜெட் மதிப்பீடு என்று ஒரு பத்தி, பக்கத்திலேயே திருத்திய மதிப்பீடு என்று இன்னொரு பத்தி இருக்கும். முதலாவது மேடையில் சொன்னது, இரண்டாவது உண்மையில் செலவாகும் அளவுக்குப் பக்கத்தில் வருவது. 2023-24ஐப் பாருங்கள். ஆகஸ்ட் 23 மாலை ஆறு மணி சுமாருக்கு சந்திரயான் 3இன் விக்ரம் கலம் நிலாவில் இறங்கியபோது நாங்கள் மெஷினை எல்லாம் நிறுத்திவிட்டு டீக்கடை டிவி முன்னால் நின்றோம், முதலாளி எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். அந்த வருஷத்துக்கு முதலில் ஒதுக்கியது சுமார் 12,500 கோடி, திருத்தியபோது சுமார் 11,000 கோடி. ஏன் குறைந்தது என்பதற்கு வெவ்வேறு தலைப்புகளில் வெவ்வேறு காரணம் இருக்கும். ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு எழுதுங்கள், நானும் என் பிரதியைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.